ஸ்பீக்கரின் உலோகக் கிரில்: ஒலியைக் கெடுக்காமல் தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும்

ஸ்பீக்கர் பெட்டியின் முன்பக்கத்து உலோகக் கிரிலைக் கழற்றினால் ஒலி தெளிவடையும் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. கழற்றினாலும் மாட்டினாலும் வேறுபாடே இல்லை என்பவர்களும் உண்டு. இரு தரப்பும் தாங்கள் கேட்ட பெட்டியைப் பொறுத்தவரை உண்மையைத்தான் சொல்கின்றனர். கிரில் என்பது ஒரே பொருள் அன்று. துளையிட்ட தகடு, அதைத் தாங்கும் சட்டம், தகட்டுக்கும், உயர் ஒலிகளை எழுப்பும் சிறு ஸ்பீக்கராகிய ட்வீட்டருக்கும் இடையிலுள்ள காற்று, தகட்டைப் பெட்டியோடு பிணைக்கும் திருகுகள் ஆகிய எல்லாம் சேர்ந்ததே கிரில். இவற்றுள் எது ஒலியைக் கெடுக்கிறது என்று அறியாமல் கிரிலைக் கழற்றி மூலையில் வைப்பது, குழந்தையின் விரலுக்கும் துடைப்பக் குச்சிக்கும் ட்வீட்டரைப் பலி கொடுப்பதில்தான் பெரும்பாலும் முடிகிறது. என் அனுபவத்தில் தகட்டின் மீது சுமத்தப்படும் பழியில் பெரும்பகுதி சட்டத்துக்கும் திருகுகளுக்கும் உரியது. ஆகவே தகட்டில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தகட்டை அளந்து வாங்குவது

துளைத்தகடு வாங்கும்போது மூன்று எண்களைக் கேட்டுப் பெற வேண்டும்: துளையின் விட்டம், ஒரு துளையின் மையத்திலிருந்து அடுத்த துளையின் மையம் வரையுள்ள தூரமாகிய பிட்ச், தகட்டின் தடிமன். முதல் இரண்டிலிருந்து திறந்த பரப்பு எத்தனை விழுக்காடு என்று கணக்கிடலாம். துளைகள் தேன்கூட்டைப் போல ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை விலகி அமைந்திருந்தால், விட்டத்தைப் பிட்ச்சால் வகுத்து, வந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, பிறகு 90.7ஆல் பெருக்கினால் விழுக்காடு கிடைக்கும். துளைகள் சதுரக் கட்டங்களாக நேர்வரிசையில் இருந்தால் 90.7க்குப் பதிலாக 78.5ஆல் பெருக்க வேண்டும். 3 மி.மீ. துளையும் 5 மி.மீ. பிட்ச்சும் கொண்ட தேன்கூட்டுத் தகட்டில் ஏறத்தாழ 33 விழுக்காடுதான் திறந்திருக்கும். அதே 3 மி.மீ. துளை 4 மி.மீ. பிட்ச்சில் அமைந்தால் 51 விழுக்காடு திறந்திருக்கும். கடையில் இரண்டு தகடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கண்ணுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது, காதுக்குத் தெரியும்.

காரணம் இதுதான். துளைகளுக்குள் இருக்கும் காற்று ஒரு சிறிய எடையைப் போல நடந்துகொள்கிறது. ஒலியலை வெளியே வர வேண்டுமானால் அந்தக் காற்றை முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். மெதுவாக அசையும் பாஸ் ஒலிக்கு அந்த எடை ஒரு பொருட்டே அன்று. நொடிக்குப் பத்தாயிரம், பதினைந்தாயிரம் முறை அதிரும் ஒலிக்கோ அது தடையாகிறது. துளைகள் குறைவாக இருந்தாலும், தகடு தடிமனாக இருந்து துளை ஒரு குட்டிக் குழாயைப் போல நீண்டாலும் தடை கூடும். 1 மி.மீ. தடிமனில் மேற்சொன்ன 33 விழுக்காட்டுத் தகடு 10 கிலோஹெர்ட்ஸில் சுமார் 0.8 டெசிபெலும் 20 கிலோஹெர்ட்ஸில் சுமார் இரண்டரை டெசிபெலும் குறைக்கும் என்று கணக்கு சொல்கிறது. 51 விழுக்காட்டுத் தகட்டில் இவை 0.2, 0.9 என்ற அளவுக்கு இறங்கிவிடுகின்றன. 33 விழுக்காட்டுத் தகட்டையே 2 மி.மீ. தடிமனில் வாங்கினால் 10 கிலோஹெர்ட்ஸில் ஏற்படும் இழப்பு இரு மடங்குக்கு மேல் உயர்ந்து இரண்டு டெசிபெலை நெருங்கும். இவை தோராயமான எண்களே. ஆனால் திறந்த பரப்பைப் போலவே தடிமனும் கவனிக்கப்பட வேண்டியது என்பதை இவை தெளிவாகக் காட்டுகின்றன. பலரும் மறப்பது தடிமனைத்தான்.

வீட்டில் வைத்துக் கேட்கும் பெட்டிக்கு 50 விழுக்காட்டுக்குக் குறையாத திறந்த பரப்பும், கடைக்காரர்கள் 20 கேஜ் என்று சொல்லும் சுமார் 0.9 மி.மீ. தடிமனும் போதும். கல்யாண மண்டபத்திலும் கோயில் திருவிழாவிலும் வைக்கும் பெட்டிகளின் நிலை வேறு. லாரியில் ஏற்றி இறக்கும்போது அடுத்த பெட்டியின் முனை இடிக்கும், கூட்டத்தில் கால் படும். அவற்றுக்கு 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ., அல்லது 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. தகடு வேண்டும். தடிமனால் ஏற்படும் இழப்பைத் திறந்த பரப்பைக் கூட்டித்தான் ஈடுகட்ட முடியும். அதற்கு அறுகோணத் துளை மிகவும் ஏற்றது. எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 6 மி.மீ. அகலமுள்ள அறுகோணத் துளைகள் 7 மி.மீ. பிட்ச்சில் அமைந்தால் 73 விழுக்காடு திறந்துவிடும். குழந்தையின் விரலும் உள்ளே எளிதில் போகாது. பேனா முனை போகும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

தூளைப் படியவைத்துச் சூட்டில் உருக்கும் பூச்சாகிய பவுடர் கோட்டிங்கைக் கணக்கில் சேர்க்காமல் தகடு வாங்குவது மிகப் பரவலான பிழை. பூச்சின் கனம் ஒரு பக்கத்துக்கு 60 முதல் 80 மைக்ரான் வரை இருக்கும். அது துளையின் உட்சுவரிலும் படிவதால் விட்டம் சுமார் 0.15 மி.மீ. சுருங்கும். 3 மி.மீ. துளையில் இதனால் பத்தில் ஒரு பங்கு பரப்பு போய், 51 விழுக்காடு 46 ஆகும். 1 மி.மீ. துளையுள்ள நுண்தகட்டிலோ கால் பங்குக்கு மேல் மூடிக்கொள்ளும். சில துளைகள் முற்றிலும் அடைபடவும் கூடும். தூரிகையால் கைப்பூச்சு அடிப்பது இதைவிட மோசம். பூச்சு முடிந்த தகட்டை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்து, அடைபட்ட துளைகளை ஊசியால் திறந்துவிட்ட பிறகே பொருத்த வேண்டும்.

உலோகத்தின் வகை ஒலியைப் பெரிதாக மாற்றுவதில்லை. வாழ்நாளையும் பொருத்தும் முறையையும் மாற்றுகிறது. கடலோர ஊர்களில் சாதாரண இரும்புத் தகடு வெட்டிய ஓரங்களில்தான் முதலில் துருப்பிடிக்கும். ஆகவே வெட்டி முடித்த பிறகே பூச்சுக்குக் கொடுக்க வேண்டும். அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் எளிதில் நசுங்கும். காந்தம் வைத்து ஒட்டும் முறையில் கிரிலை மாட்ட நினைப்பவர் அலுமினியத்தையோ 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையோ வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். அவற்றைக் காந்தம் பிடித்து நிறுத்தாது.

சட்டம் செய்யும் கெடுதல்

தகட்டைவிட ஆபத்தானது அதைச் சுற்றியுள்ள சட்டம். ட்வீட்டரிலிருந்து புறப்படும் ஒலி நேராக நம்மை நோக்கி மட்டும் வருவதில்லை. பெட்டியின் முன்பலகையை ஒட்டி நாலாபுறமும் பரவுகிறது. வழியில் 15 அல்லது 20 மி.மீ. உயரமுள்ள ஒரு சட்டத்தின் உள்விளிம்பு எதிர்ப்பட்டால், அங்கே ஒரு பகுதி சிதறி, சற்றுத் தாமதமாக நம் காதுக்கு வந்து சேர்கிறது. ட்வீட்டரின் மையத்திலிருந்து சட்டம் 85 மி.மீ. தள்ளி இருப்பதாகக் கொள்வோம். அந்தத் தூரத்தைக் கடக்க ஒலிக்குக் கால் மில்லிசெகண்டு ஆகும். நேராக வந்த ஒலியோடு இந்தத் தாமத ஒலி சேரும்போது, ஏறத்தாழ 4 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஒலியின் அளவு மேடும் பள்ளமுமாக நெளிந்துவிடுகிறது. ஜாலராவின் முனைப்பும், கஞ்சிராவில் கோத்த சில்லுகளின் ஓசையும், பாடகர் உச்சரிக்கும் ‘ச’, ‘ஸ’ ஒலிகளும் இந்த எல்லைக்குள்தான் வருகின்றன. ட்ரெபிள் எனப்படும் உயர் ஒலி வெறுமனே குறைவாக இருந்தால் காது சிறிது நேரத்தில் பழகிவிடும். இந்த நெளிவுக்கு அது அவ்வளவு எளிதில் பழகுவதில்லை. ஒலி ஏதோ ஒரு பெட்டிக்குள்ளிருந்து வருவது போலவே இருந்துகொண்டிருக்கும்.

இதில் மிக மோசமான அமைப்பு, வட்டத் திறப்பின் நட்டநடுவே ட்வீட்டர் இருப்பது. எல்லாத் திசையிலும் விளிம்பு ஒரே தூரத்தில் இருப்பதால், எல்லாச் சிதறலும் ஒரே நேரத்தில் நேர் எதிரே அமர்ந்திருப்பவரை வந்தடையும். சமச்சீர் கண்ணுக்கு அழகு என்பதால் பலர் இப்படித்தான் அமைக்கின்றனர். திறப்பை நீள்சதுரமாக வைத்து, நான்கு பக்கத் தூரங்களும் வெவ்வேறாக இருக்கும்படி ட்வீட்டரைச் சற்று விலக்கி அமைத்தால் நெளிவு மட்டுப்படும்.

ஏற்கெனவே இருக்கும் சட்டத்தைத் திருத்துவதும் கடினமன்று. உள்விளிம்பை அரத்தாலோ ரூட்டராலோ 45 பாகை சாய்வாகச் சீவி, ட்வீட்டரை ஒட்டிய பகுதியில் மட்டும் 3 முதல் 5 மி.மீ. கனமுள்ள கம்பளி ஃபெல்ட் துண்டை ஒட்டினால் போதும். புதிதாகச் செய்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது: சட்டமே வேண்டாம் என்று விட்டுவிடலாம். துணிக்குத் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும் வலிமை இல்லாததால் மரச்சட்டம் தேவைப்படுகிறது. உலோகத் தகட்டுக்கு அது தேவையில்லை. தகட்டின் ஓரங்களை மடித்து, முன்பலகையில் அதற்கென வெட்டிய பள்ளத்துக்குள் இறக்கி, பலகையின் மேற்பரப்போடு ஓரம் சமமாக அமையும்படி செய்தால் ஒலிக்கு எதிர்ப்படும் விளிம்பே இராது. இந்த ஒரு காரணத்துக்காகவே, நன்றாகச் செய்யப்பட்ட உலோகக் கிரில், தடித்த சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியைவிடச் சிறந்தது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

இடைவெளியின் கணக்கு

தகட்டில் பட்ட ஒலியில் ஒரு சிறு பகுதி திரும்பிச் சென்று ட்வீட்டரின் முகத்தில் பட்டு மீண்டும் வெளிவருகிறது. இடைவெளி அலைநீளத்தில் பாதியாக இருக்கும் அதிர்வெண்ணை ஒட்டி இந்தப் போக்குவரத்து வலுவடையும். 17 மி.மீ. இடைவெளிக்கு அது 10 கிலோஹெர்ட்ஸ். காது நன்றாகக் கேட்கும் இடம். 5 மி.மீ. இடைவெளிக்கு அது 34 கிலோஹெர்ட்ஸ். மனிதக் காதின் எல்லைக்கு அப்பால். எனவே ட்வீட்டருக்கு முன்னால் தகடு எவ்வளவு நெருங்கி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பாஸ் ஒலியை எழுப்பும் பெரிய ஸ்பீக்கராகிய வூஃபருக்கோ நேர்மாறான தேவை: அதன் கூம்பாகிய கோன் முழு வீச்சில் முன்னே வரும்போது அதன் விளிம்பு ரப்பர் தகட்டைத் தொடவே கூடாது. உச்ச ஒலியில் கோன் 12 மி.மீ. முன்னே வருமானால், 18 முதல் 20 மி.மீ. இடைவெளி விட வேண்டும். இரண்டு தேவைகளையும் ஒரே தகட்டில் நிறைவேற்ற, வூஃபரைப் பலகைக்குள் சற்றுப் பள்ளமாக இறக்கிப் பதிப்பது ஒரு வழி. தகட்டை வெளிப்புறமாக வளைத்து, வூஃபருக்கு முன்னால் புடைத்தும் ட்வீட்டருக்கு முன்னால் தாழ்ந்தும் இருக்கச் செய்வது மற்றொரு வழி. வளைந்த தகட்டுக்கு விறைப்பும் கூடுதல்.

ட்வீட்டருக்கு முன்னால் வைக்கும் எந்தத் திரையும் வெறும் குறைப்பான் அன்று என்பதற்கு ஒலிப்பதிவுக் கூடங்களில் புகழ்பெற்ற ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1978இல் வெளிவந்த யமஹா என்.எஸ். 10 பெட்டியின் ட்ரெபிள் காதைக் குத்துகிறது என்று, பொறியாளர்கள் பலர் அதன் ட்வீட்டர் மேல் டிஷ்யூ காகிதத்தைத் தொங்கவிட்டனர். அளந்து பார்த்தபோது, காகிதம் ட்ரெபிளைச் சீராகக் குறைக்காமல், எதிரொலியால் மேடு பள்ளங்களையும் உண்டாக்கியது தெரியவந்தது. மெல்லிய காகிதத்தின் கதையே இதுவென்றால், இரும்புத் தகட்டின் இடைவெளியை மில்லிமீட்டர் கணக்கில் பார்ப்பது மிகையாகாது.

கிறீச்சிடும் தகடு

கிரிலால் வரும் கேடுகளில் எல்லோர் காதுக்கும் எட்டுவது அதிர்வுதான். ஓரங்கள் மடிக்கப்படாத, 30க்கு 50 செ.மீ. அளவுள்ள தட்டையான 1 மி.மீ. தகட்டின் இயல்பான அதிர்வுகள் பாஸ் ஒலியின் எல்லைக்குள்ளேயே தொடங்குகின்றன. ஒலி பெரும்பாலும் துளைகள் வழியே சென்றுவிடுவதால் காற்று தகட்டை அதிகம் ஆட்டுவதில்லை. பெட்டியின் அதிர்வு திருகுகள் வழியே தகட்டுக்கு ஏறுகிறது. தகடு மரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் இடத்தில் இரைச்சல் பிறக்கிறது.

ஒரு சிறிய சபையில் இதை நான் கண்டிருக்கிறேன். ஒன்றரைக் கட்டைச் சுருதியில் ஆண் பாடகர் ஒருவர் பாடும்போது மட்டும் இடப்பக்கப் பெட்டியிலிருந்து கரகரவென்று ஓர் ஓசை எழும். ஐந்து கட்டையில் பெண் பாடகர் பாடும் நாளில் வராது. ஆம்ப்ளிஃபயரை மாற்றினார்கள், வயரை மாற்றினார்கள், வூஃபரைக்கூட மாற்றினார்கள். ஒன்றரைக் கட்டையின் மத்தியஸ்தாயி ஷட்ஜம் ஏறத்தாழ 139 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையின் ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ். தம்புராவின் இடைவிடாத ஷட்ஜம், கிரிலின் கீழ் மூலையில் தளர்ந்திருந்த ஒரு திருகைக் கச்சேரி முழுவதும் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தது. இரண்டு ரப்பர் வாஷர்களில் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. பாடகரின் கார்வை ஒவ்வொன்றிலும் அந்தக் கரகரப்பு கலந்து போன கச்சேரிகளை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

சோதிக்கும் முறை எளிது. 30 ஹெர்ட்ஸிலிருந்து 500 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் சைன் ஒலியை, ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் நீளும்படி, நடுத்தர அளவில் ஓடவிட வேண்டும். இரைச்சல் எழும் அதிர்வெண்ணில் நிறுத்தி, தகட்டின் ஒவ்வோர் இடத்தையும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். எங்கே அழுத்தும்போது இரைச்சல் நிற்கிறதோ அதுவே நோயின் இடம். எங்கும் நிற்கவில்லையெனில் கிரிலைக் கழற்றி அதே ஒலியை மீண்டும் ஒலிக்கவிட வேண்டும். அப்போதும் இரைச்சல் தொடர்ந்தால் குற்றவாளி வேறு: பெட்டியின் மூட்டு, டெர்மினல் தட்டு அல்லது கோனின் சுருள். தகடு மரத்தைத் தொடும் வரம்பு முழுவதும் 3 மி.மீ. ஒட்டும் ஃபோம் டேப்பை இடைவிடாமல் ஒட்டி, 10 முதல் 15 செ.மீ. இடைவெளிக்கு ஒரு திருகு இட்டு, ஒவ்வொன்றையும் ஒரே அளவில் முடுக்கினால் பெரும்பாலான பெட்டிகள் அமைதியாகிவிடும். பெரிய தகடானால் நடுவில், ட்வீட்டரின் முன்னால் வராதபடி, பின்புறமாக ஒரு தாங்குகட்டை வைக்கலாம்.

மண்டபப் பெட்டிகளில் தகட்டை ஒட்டி வைக்கும் ஃபோமும் அதிர்வை அடக்க உதவும், தூசியையும் தடுக்கும். ஆனால் அது கண்ணறைகள் முழுவதும் திறந்த, வடிகட்டிக்குப் பயன்படும் வகை ஃபோமாக இருக்க வேண்டும். வாயருகே பிடித்து ஊதினால் மூச்சுத் தடையின்றி மறுபக்கம் வர வேண்டும். மெத்தைக் கடையில் கிடைக்கும் ஃபோம் ட்ரெபிளை விழுங்கிவிடும். பல ஃபோம்கள் ஈரப்பதத்தில் சில ஆண்டுகளில் பொடியத் தொடங்கும் என்பதால், விரலால் தேய்த்துப் பொடி வருகிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது.

பாஸ் ஒலிக்காகப் பெட்டியில் விடப்பட்ட காற்றுத் திறப்பாகிய பாஸ் போர்ட்டின் முன்னால் தகடு வருமாறு அமைக்காமலிருப்பதே சிறப்பு. அங்கே காற்று ஊதல் போல வேகமாக வந்து போகிறது. பாதி மூடிய தகடு துளைகளில் அந்த வேகத்தை இரு மடங்காக்கி, ‘புஸ்’ என்ற காற்றோசையை எழுப்பும்.

கழற்றக் கூடாதவை

சில கிரில்கள் ஸ்பீக்கரின் உறுப்புகள். ட்வீட்டரின் முகத்திலேயே பதிக்கப்பட்ட வலையும், அதன் நடுவே இருக்கும் சிறு வட்டத் தட்டும் ஒலியின் பரவலையும் அளவையும் சீர்செய்யக் கணக்கிட்டு வைக்கப்பட்டவையாக இருக்கலாம். அவற்றைப் பெயர்த்தால் பாதுகாப்பும் போகும், ஒலியும் மாறும். ட்வீட்டரின் அதிரும் குமிழாகிய டோம் பீங்கானால் ஆனதென்றால் ஒரு விரல் தட்டில் நொறுங்கும். பெரிலியம் டோம் உடைந்தால் அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. 1957இல் விற்பனைக்கு வந்த குவாட் எலெக்ட்ரோஸ்டாட்டிக் போன்ற பெட்டிகளில் உலோக வலைக்குப் பின்னால் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் நிற்கிறது. அங்கே கிரில் காப்பது ஸ்பீக்கரை மட்டுமன்று, மனிதரையும்தான்.

கழற்றி மாட்டக்கூடிய கிரிலாக இருந்தால் பெட்டியோடு வந்த கையேட்டை முதலில் படிக்க வேண்டும். ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் கிராஸோவரை, கிரில் மாட்டிய நிலையில் சரிசெய்து வெளியிடும் தயாரிப்பாளர்கள் உண்டு. அத்தகைய பெட்டியில் கிரிலைக் கழற்றினால் ட்ரெபிள் தேவைக்கு மேல் மிகுந்து, ‘தெளிவு’ கூடியதாகச் சிறிது நேரம் மயக்கும்.

காதாலும் கருவியாலும் ஒப்பிடுவது

காதால் ஒப்பிடும்போது கிரிலை மாட்டுபவர் வேறு, கேட்பவர் வேறாக இருக்க வேண்டும். கேட்பவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். முப்பது நொடிக்கு மேற்படாத ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். ஜாலராவும் மோர்சிங்கும் தெளிவாகப் பதிவான பஜனை அல்லது தனி ஆவர்த்தனம் இதற்கு மிகவும் ஏற்றது.

கருவியால் அளக்க, ரூம் ஈ.க்யூ. விசர்ட் என்ற இலவச மென்பொருளும் யு.எஸ்.பி. அளவீட்டு மைக் ஒன்றும் போதும். ட்வீட்டரைத் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் நிறுத்தி, அதே உயரத்தில் 1 மீட்டர் தள்ளி மைக்கை வைத்தால், தரையில் பட்டு வரும் ஒலி நேரொலிக்கு 3.6 மில்லிசெகண்டு பிந்தி வரும். சுவரும் கூரையும் அதைவிட அருகில் இல்லாதவரை, மென்பொருள் கணக்கில் எடுக்கும் நேரமாகிய அளவீட்டுச் சாளரத்தை 3.5 மில்லிசெகண்டில் வெட்டினால் அறையின் எதிரொலி விலகி, ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் ஒலியின் அளவைக் காட்டும் கோடு 300 ஹெர்ட்ஸுக்கு மேல் நம்பத்தகுந்ததாகக் கிடைக்கும். முதலில் கிரிலைக் கழற்றிவிட்டு, எதையும் தொடாமல் இரண்டு முறை அளக்க வேண்டும். அந்த இரண்டு கோடுகளுக்கு இடையிலுள்ள வேறுபாடே உங்கள் அளவீட்டின் பிழை; அதைவிடச் சிறிய எந்த வேறுபாட்டையும் கிரிலின் கணக்கில் எழுதக் கூடாது. பிறகு மைக்கோ பெட்டியோ நகராமல் கிரிலை மாட்டி நேர் எதிரே ஒரு முறை அளக்க வேண்டும். அடுத்து மைக்கை 15 பாகை, 30 பாகை விலகிய இடங்களுக்கு மாற்றி, ஒவ்வோர் இடத்திலும் கழற்றியும் மாட்டியும் அளந்து, மாட்டிய கோட்டிலிருந்து கழற்றிய கோட்டைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

கழித்து வந்த கோடு உயர் அதிர்வெண்ணை நோக்கி மெதுவாகச் சரிந்தால் தகட்டின் திறந்த பரப்போ தடிமனோ காரணம். சீரான இடைவெளியில் நெளிந்தால் சட்டம் காரணம். ஹெர்ட்ஸில் உள்ள அந்த இடைவெளியைக் கொண்டு, ஒலியின் வேகமாகிய நொடிக்கு 343 மீட்டரை வகுத்தால், சிதறும் விளிம்பு எத்தனை தூரத்தில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். ஓரிடத்தில் மட்டும் கூர்மையாகக் குழிந்தால் தகட்டுக்கும் ட்வீட்டருக்கும் உள்ள இடைவெளியைச் சந்தேகிக்க வேண்டும். 10 கிலோஹெர்ட்ஸ் வரை வேறுபாடு 1 டெசிபெலுக்குள் இருந்தால் கிரிலை மாட்டிவிட்டு நிம்மதியாகப் பாட்டைக் கேட்கலாம்.

மெதுவான சரிவை ஈக்வலைசரில் ஓரிரு டெசிபெல் ஏற்றிச் சரிசெய்வதில் தவறில்லை. நெளிவை மட்டும் அப்படிச் சரிசெய்ய முயலக் கூடாது; கேட்பவர் ஒரு முழம் நகர்ந்தாலே மேடும் பள்ளமும் இடம் மாறிவிடுவதால், ஓர் இருக்கைக்குச் செய்த திருத்தம் அடுத்த இருக்கைக்குப் புதிய கெடுதலாகும். அதற்கு அரமும் ஃபெல்ட்டும்தான் மருந்து. திருத்தம் முடிந்து தகட்டைப் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்து வாங்கிய பிறகு, அதே இடத்தில் மைக்கை வைத்து இன்னொரு முறை அளந்து, அந்தக் கோட்டைத் தேதியோடு சேமித்து வைத்தால், பிற்காலத்தில் துளைகளில் தூசி படிந்து ட்ரெபிள் மங்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம். தகட்டைக் கழற்றி, பழைய பல்துலக்கும் தூரிகையும் சோப்பு நீரும் கொண்டு கழுவி, நன்றாக உலர்த்திய பிறகு மீண்டும் மாட்ட வேண்டும்.